கையால் தீட்டிய கபோஷன் கற்களுக்கு வாங்க ஆள் தேடுவது எப்படி

டப்பா நிறைய கல் சேர்ந்துவிட்டது, பார்க்கிறவர்கள் எல்லாம் "அழகா இருக்கே" என்று கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அதே டப்பாவில் வைத்துவிட்டுப் போகிறார்கள், ஒன்றுகூட விற்கவில்லை என்ற நிலையில் இருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோளாறு உங்கள் கல்லில் இல்லாமல் இருக்கலாம், காட்டுகிற ஆளில் இருக்கலாம். கல்லை ரசிக்கிறவர் வேறு, காசு கொடுத்து வாங்குகிறவர் வேறு. தனிக் கல்லை வாங்கி பொதுமக்கள் என்ன செய்வார்கள்? அதை வெள்ளியிலோ தங்கத்திலோ கம்பியிலோ பதித்தால்தான் அது ஒரு பொருளாகிறது. ஆகவே உங்கள் முதல் வாடிக்கையாளர் கல்லைப் பதிக்கத் தெரிந்தவர், அல்லது பதிக்கிறவருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வியாபாரி. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லப்போகிற பாதி விஷயம் உங்களுக்கே தோன்றிவிடும்.

கபோஷன் என்பது பட்டை வெட்டாமல் மேலே குவிமாடமாகவும் அடியில் பெரும்பாலும் தட்டையாகவும் தேய்த்து எடுக்கிற கல். கடைகளில் சுருக்கமாக 'கேப்' என்பார்கள். பட்டை வெட்ட முடியாத மட்டமான கல்லைத்தான் இப்படிச் செய்வார்கள் என்று ஒரு பேச்சு உண்டு, அதை நம்பாதீர்கள். மூன்ஸ்டோனின் நீல ஒளி, வைடூரியத்தின் கண் (நடுவில் ஓடுகிற ஒளிக்கோடு), நட்சத்திர மாணிக்கத்தின் ஆறு கதிர் எல்லாம் குவிமாடத்தில்தான் நன்றாகத் தெரியும், பட்டை வெட்டினால் கண்ணும் நட்சத்திரமும் போயே போய்விடும். நம் கொங்குப் பக்கம் இருக்கிறவர்களுக்கு ஒரு வசதி, காங்கேயம் வட்டாரத்து மூன்ஸ்டோனும் நாமக்கல் பக்கத்துக் கருப்பு நட்சத்திர டையாப்சைடும் வெளிநாட்டுக் கல் பிரியர்களுக்குப் பெயர் தெரிந்த சரக்கு. நொய்யல் கரையில் கொடுமணலில் தோண்டியபோது இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய கல் பட்டறைகளே கிடைத்தன. விற்கும்போது இந்த ஊர்ப் பெயர்கள் உதவும், ஆனால் கல் உண்மையிலேயே அங்கிருந்து வந்ததாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள்.

முதலில் டப்பாவைப் பிரியுங்கள்

ஆள் தேடுவதற்கு முன்னால் ஒரு மத்தியானம் உட்கார்ந்து எல்லாக் கல்லையும் மூன்று குவியலாக்குங்கள். ஒன்று, அளவுக் கல். மற்றொன்று, தன்னிஷ்ட வடிவக் கல். மூன்றாவது, விற்கக்கூடாத கல். இந்த மூன்றுக்கும் வாங்குகிற ஆள் வேறு வேறு (மூன்றாவதற்கு ஆளே வேண்டாம்), எல்லாவற்றையும் கலந்து கொட்டிக் காட்டினால் ஒருவருக்குமே எதுவும் பிடிக்காது.

அளவுக் கல் என்றால் நகைக்காரர் ரெடிமேடாக வாங்கி வைத்திருக்கிற கட்டடத்தில் (கல்லைப் பிடித்துக்கொள்கிற உலோகக் கூடு) அப்படியே உட்காரும் கல். ஓவலில் 6×4, 7×5, 8×6, 10×8, 14×10, 16×12, 18×13, 25×18, 30×22, 40×30 மில்லிமீட்டர் என்பவை வழக்கமான அளவுகள், வட்டத்தில் 4, 5, 6, 8, 10 என்று போகும். இதில் 10×8 என்று சொல்லிவிட்டு 10.4×7.7 கொடுத்தால் அது அளவுக் கல் இல்லை. சந்தை பொறுத்துக்கொள்கிற வித்தியாசம் ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர். டிஜிட்டல் வெர்னியர் காலிப்பர் ஒன்று வாங்கி ஒவ்வொரு கல்லையும் நீளம், அகலம், உயரம் மூன்றும் அளந்து சிறு ஜிப் கவரில் போட்டு எழுதி வையுங்கள். உயரத்தை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள், மோதிரம் செய்கிறவருக்கு அதுதான் முதல் கேள்வி. ரொம்ப உயரமான கல் மோதிரத்தில் எல்லாவற்றிலும் இடிக்கும், ரொம்ப ஒல்லியான கல் பதிக்கும்போது உடையும்.

ஆனால் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சின்ன அளவுக் கல்லில் ஜெய்ப்பூரோடும் சீனாவோடும் விலையில் போட்டி போட முடியாது. அவர்கள் ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி வெட்டித் தள்ளுகிறார்கள், நீங்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து செய்கிற 8×6 அகேட்டை அவர்கள் கொடுக்கிற விலைக்குக் கொடுத்தால் மின்சாரக் கட்டணம்கூடத் தேறாது. கையால் செய்கிறவர்களுக்குப் பலம் தன்னிஷ்ட வடிவத்தில்தான். கல்லில் இருக்கிற காட்சி எப்படிப் போகிறதோ அப்படி வடிவம் வெட்டியது, வேறு எங்கும் அதே மாதிரி இன்னொன்று கிடைக்காதது. இதற்கு அடுத்த பலம் ஜோடிக் கல். ஒரே பாளத்தைப் புத்தகம் விரிக்கிற மாதிரி இரண்டாக அறுத்து, இடமும் வலமும் எதிரெதிர்ப் பிம்பமாக வருகிற ஜோடியைத் தோடு செய்கிறவர் கேட்ட விலைக்கு எடுத்துக்கொள்வார், ஏனென்றால் ஜோடி சேர்ப்பது அவருக்கு அவ்வளவு பெரிய தலைவலி.

மூன்றாவது குவியலில் போடவேண்டியது எது? டியூப்லைட்டுக்குக் கீழே கல்லை மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். குவிமாடத்தின்மேல் விளக்கின் கோடு வழுக்கிக்கொண்டு ஓடவேண்டும், எங்காவது நெளிந்தாலோ உடைந்தாலோ அங்கே தட்டை விழுந்திருக்கிறது. பிறகு பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள், 600 கிரிட்டில் (கிரிட் என்பது தேய்ப்புப் பொடியின் நுணுக்க எண்) விட்ட கீறல் 3000-இல் மறைந்துவிட்டதாக நமக்குத் தோன்றும், மறைந்திருக்காது. அடி விளிம்பில் லேசான சரிவு எடுத்திருக்க வேண்டும், கூர்மையாக விட்டால் கல்லைச் சுற்றி நிற்கிற வெள்ளிச் சுவரை அழுத்துகிறபோது விளிம்பு பெயர்ந்துவரும். நட்சத்திரமோ கண்ணோ இருந்தால் அது உச்சியில் நடுவில் நிற்கிறதா பாருங்கள், ஓரமாக ஒதுங்கினால் விலை வெகுவாக இறங்கிவிடும். இந்தச் சோதனைகளில் தோற்றதைத் திரும்பச் சக்கரத்தில் வையுங்கள். முதல் தடவை வாங்குகிறவரிடம் சுமாரான கல்லைத் தள்ளிவிட்டால் இரண்டாம் தடவை என்பது இல்லை.

யார் வாங்குவார்கள்

என் அனுபவத்தில் சின்ன வெள்ளிப் பட்டறை வைத்திருப்பவர்கள்தான் முதல் இடம். இன்ஸ்டாகிராமில் தங்கள் பெயரிலேயே ஒரு பிராண்டு வைத்து, வாரத்துக்கு நாலைந்து மோதிரமோ பதக்கமோ செய்து போடுகிறவர்கள். சென்னை, பெங்களூரு, கொச்சி, புதுச்சேரி, ஆரோவில் பக்கம் இப்படி நிறையப் பேர் இருக்கிறார்கள். கம்பி சுற்றிப் பதக்கம் செய்கிறவர்களும் இதே கூட்டம்தான். இவர்கள் ஜெய்ப்பூரிலிருந்து லாட்டாக வாங்கினால் குறைந்தபட்சம் இத்தனை எடுக்க வேண்டும் என்று அங்கே சொல்வார்கள், அதில் பாதி இவர்களுக்குப் பிடிக்காது. ஒரே ஒரு நல்ல கல் வேண்டும் என்கிறவருக்கு ஒரே ஒரு கல்லை விற்கத் தயாராக இருப்பவர் நீங்கள். அந்த இடைவெளிதான் உங்கள் கடை.

எப்படிப் பிடிப்பது? 'வெள்ளி நகை', 'கைவினை மோதிரம்', 'மூன்ஸ்டோன் மோதிரம்' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் தேடி வருகிற பக்கங்களைப் பின்தொடருங்கள். உடனே செய்தி அனுப்பாதீர்கள். அவர்கள் கடைசியாகப் போட்ட இருபது முப்பது நகையைப் பாருங்கள், என்ன நிறம், என்ன வடிவம், கல் பெரிதா சிறிதா, விலை என்ன போட்டிருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாயிரம் ரூபாய்க்கு மோதிரம் விற்கிறவர் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க் கல்லை வாங்க மாட்டார், அவரிடம் போய் நேரத்தை வீணாக்க வேண்டாம். பிறகு அவர் கைக்குப் பொருந்துகிற மாதிரி நாலே நாலு கல்லை மட்டும் தேர்ந்து இப்படி எழுதுங்கள்:

"வணக்கம். நான் காங்கேயம் மூன்ஸ்டோனைக் கையால் தீட்டுகிறேன். நீங்கள் போட்ட ஓவல் மோதிரங்களைப் பார்த்தேன். அதே மாதிரி 14×10 அளவில், 5 மி.மீ. உயரத்தில், நீல ஒளி உள்ள நான்கு கல் கையில் இருக்கிறது. வெயிலில் எடுத்த வீடியோவும் விலையும் கீழே. எந்தச் சாயமும் பூச்சும் இல்லை. பிடித்தால் சொல்லுங்கள், ஒன்று மட்டும் வேண்டுமானாலும் அனுப்புகிறேன்."

அவ்வளவுதான். "உங்கள் பக்கத்தின் பெரிய ரசிகன்" என்றெல்லாம் ஆரம்பிக்க வேண்டாம், நூறு கல் படத்தைக் கொட்டவும் வேண்டாம். பதில் வரவில்லை என்றால் சில வாரம் கழித்து வேறு கல்லோடு இன்னொரு முறை எழுதலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள், ஊரில் வேறு ஆள் இல்லாமல் இல்லை.

அடுத்தது ராசிக்கல் கடைகள். தமிழ்நாட்டில் கபோஷன் அதிகமாகக் கை மாறுவது இங்கேதான் என்று நினைக்கிறேன், பவளமும் வைடூரியமும் கபோஷனாகத்தான் வருகின்றன, முத்துக்குப் பதிலாகச் சந்திரகாந்தக் கல் என்று மூன்ஸ்டோனைக் கேட்கிறவர்களும் உண்டு. இவர்கள் அளவை மில்லிமீட்டரில் கேட்க மாட்டார்கள், எடையில் கேட்பார்கள். கேரட் என்றால் 0.2 கிராம், அதில் சந்தேகமில்லை. ரத்தி என்றால் பெரும்பாலும் 0.91 கேரட் கணக்கு, ஆனாலும் பேசுகிற கடையில் என்ன கணக்கு என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். இங்கே புள்ளியும் கீறலும் இல்லாத சுத்தமான கல்தான் ஓடும், பளபளப்பைவிடச் 'சுத்தம்' முக்கியம். கூடவே இயற்கைக் கல் என்பதற்கு ஆய்வக அட்டை கேட்பார்கள். விலை குறைந்த கல்லுக்கு அட்டைச் செலவு கட்டுப்படியாகாது, அதனால் இந்தப் பக்கம் போவதாக இருந்தால் கொஞ்சம் நல்ல கல்லோடு போங்கள். இந்தக் கல் போட்டால் இன்னது நடக்கும் என்று நீங்கள் மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள், அது கடைக்காரருக்கும் ஜோசியருக்கும் உள்ள விவகாரம்.

கோவை ராஜ வீதி, மதுரை தெற்காவணி மூல வீதி, சென்னை சௌகார்பேட்டை மாதிரி நகைத் தெருக்களில் நேரில் நடந்து போவதும் ஒரு வழி. காலையில் கடை திறந்த கையோடு போகாதீர்கள், முகூர்த்த நாளுக்கு முந்தைய நாட்களில் போகவே போகாதீர்கள். பெரிய ஷோரூமில் நுழைந்து பிரயோஜனமில்லை, அவர்களுக்குக் கொள்முதல் வேறு எங்கேயோ நடக்கிறது. மாடியில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து கல் பதிக்கிற ஆசாரிகளைப் பாருங்கள். அவர்கள் வாங்காவிட்டாலும் யார் வாங்குவார்கள் என்று சொல்வார்கள், உங்கள் கல்லில் என்ன குறை என்பதையும் மூஞ்சிக்கு நேரே சொல்வார்கள், அதுவும் இலவசமாக.

நாகர்கோவில் வடசேரியை மறக்கக்கூடாது. அங்கே செய்கிற கோயில் நகைகளுக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது, பரதநாட்டிய நகையில் வரிசையாகப் பதிகிற சிவப்புக் கெம்பும் பச்சைக் கல்லும் கபோஷன்தான். ஆனால் இப்போது பெரும்பாலும் ஓடுவது செயற்கைக் கெம்பு, விலை மிகக் குறைவு. இயற்கை கார்னெட்டை அதே விலைக்குக் கொடுக்க நினைக்காதீர்கள். நல்ல வெள்ளியில் பழைய முறைப்படி ஒரு செட் ஆர்டர் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு நிறம் ஒத்த கல் வேண்டும், நடுப்பதக்கத்துக்குப் பெரிதாக ஒன்று, பக்கங்களுக்குச் சிறிதாகிக்கொண்டே போகிற வரிசை என்று. அப்படிப்பட்ட ஆர்டருக்கு மட்டும் பேசுங்கள்.

பிறகு ஜெய்ப்பூர். ஜோஹரி பஜாரும் அதை ஒட்டிய கோபால்ஜி கா ரஸ்தாவும் இந்தியாவின் நிறக்கல் வியாபாரத்துக்குத் தலைவாசல். டிசம்பரில் ஜெய்ப்பூர் ஜுவல்லரி ஷோ நடக்கும்போது போனால் ஒரே இடத்தில் நிறையப் பேரைப் பார்க்கலாம். ஆனால் அங்கே நீங்கள் விற்கப் போகிற ஆள் உங்களைவிடக் கல் தெரிந்தவர், அவருக்குத் தேவை ஒரு கல் இல்லை, ஒரே தரத்தில் ஒரு லாட். அதோடு 'ஜாங்கட்' என்று ஒரு நடைமுறை உண்டு. கல்லைச் சீட்டு எழுதி எடுத்துக்கொண்டு போவார்கள், விற்றால் பணம், விற்காவிட்டால் கல் திரும்பி வரும். தெரிந்த வட்டத்துக்குள் இது நம்பிக்கையில் ஓடுகிற ஏற்பாடு. புதிதாகப் போகிறவர் அந்த வட்டத்துக்கு வெளியே நிற்கிறார் என்பதை நினைவில் வையுங்கள். சீட்டில் எண்ணிக்கை, மொத்த எடை, ஒவ்வொன்றின் விலை, திருப்பித் தரவேண்டிய தேதி, கையெழுத்து, எல்லாம் இல்லாமல் ஒரு கல்லும் கையை விட்டுப் போகக்கூடாது. முப்பது நாள், அறுபது நாள் கடன் என்பதும் அங்கே சாதாரணம். கையில் ஓடுகிற பணம் குறைவாக இருக்கிறவர்கள் ஜெய்ப்பூரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

இலங்கையில் இருந்து படிக்கிறவர்களுக்கு இரத்தினபுரியும் பேருவளையும் பக்கத்திலேயே இருக்கின்றன, மீட்டியாகொடை மூன்ஸ்டோனுக்கு உலகம் முழுக்கப் பெயரும் இருக்கிறது. ஆனால் அங்கே வியாபாரம் செய்யத் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையின் உரிமம் வேண்டும், அதை முதலில் முடித்துக்கொள்ளுங்கள்.

விலை போடுவது

பலரும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், எண்கள் வெறும் எடுத்துக்காட்டு. 2,000 ரூபாய்க்கு வாங்கிய ரஃப் கல்லிலிருந்து (இன்னும் தீட்டாத கல்) விற்கத்தக்கதாக 20 கல் வந்தால் ஒன்றுக்குக் கல் செலவு 100. ஒன்றைத் தீட்ட முக்கால் மணி நேரம், உங்கள் கூலி மணிக்கு 200 என்றால் 150. டைமண்ட் சக்கரத் தேய்மானம், மெழுகு, பாலிஷ் பவுடர், மின்சாரம் எல்லாம் சேர்த்து 30. ஆக அடக்கம் 280. நகைக்காரருக்கு மொத்த விலை 400, நேரடியாகப் போட்டுக்கொள்கிறவருக்குச் சில்லறை விலை 800 என்று வைக்கலாம். இந்த இரண்டு விலையும் தனித்தனியாக இருக்க வேண்டும், முக்கியமாகச் சில்லறை விலையை உங்கள் பக்கத்தில் 400 என்று போட்டுவிட்டு நகைக்காரரிடமும் 400 கேட்டால் அவர் ஏன் உங்களிடம் வாங்க வேண்டும்?

கவனிக்க வேண்டியது, விற்கத்தக்க 20 கல் என்றுதான் சொன்னேன். உடைந்தது, நடுவில் வெடிப்பு வந்தது, அறுக்கும்போது தூளாகப் போனது எல்லாவற்றின் செலவையும் அந்த இருபதுதான் சுமக்கிறது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு சில வகைக் கல்லைத் தீட்டுவதையே நிறுத்திவிடுவீர்கள். சாதாரண அகேட்டில் அரைநாள் செலவழிப்பதைவிட, கொஞ்சம் விலை கொடுத்து நல்ல ரஃப் வாங்கி அதே நேரத்தை அதில் போடுவது லாபம், ஏனென்றால் கூலி இரண்டுக்கும் ஒன்றுதான்.

பேரம் பேசுவார்கள், பேசட்டும். விலையைக் குறைப்பதற்குப் பதில் எண்ணிக்கையை ஏற்றுங்கள், ஐந்து எடுத்தால் இவ்வளவு, பத்து எடுத்தால் இவ்வளவு என்று. ஒரே கல்லுக்கு ஒருமுறை விலையை இறக்கினால் அடுத்த முறை அங்கிருந்துதான் பேச்சு ஆரம்பிக்கும்.

படம்

ஜன்னல் ஓரம், நேர் வெயில் படாத வெளிச்சம், சாம்பலோ கருப்போ ஆன ஒரு துணி, இவ்வளவு போதும் பெரும்பாலான கல்லுக்கு. நட்சத்திரக் கல்லுக்கு மட்டும் இது பொருந்தாது, அதற்கு ஒற்றை விளக்கு வேண்டும், செல்போன் டார்ச்சே போதும், நேர் மேலிருந்து பிடித்தால் கதிர்கள் எழுந்து நிற்கும். மூன்ஸ்டோனையும் லாப்ரடோரைட்டையும் படமாக எடுத்துப் பயனில்லை, வீடியோதான், கையில் பிடித்து மெதுவாகச் சாய்க்க வேண்டும். ஒவ்வொரு கல்லுக்கும் முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம், காலிப்பருக்குள் ஒன்று, விரல்மேல் ஒன்று. பின்பக்கப் படம் போடுகிறவர்கள் குறைவு, நகைக்காரர் அதைத்தான் தேடுவார், பின்னால் பள்ளம் இருக்கிறதா, வெடிப்பு ஓடுகிறதா என்று. நிறத்தை ஏற்றிக் காட்டாதீர்கள், கல் கைக்குப் போய்ச் சேர்கிற அன்று அது தெரிந்துவிடும்.

ஆன்லைனிலும் கடல் தாண்டியும்

இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும் இலவசம், உள்நாட்டுக்கு அதுவே போதும். நகைக்காரர்களை மட்டும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியல் வைத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை புதுக் கல் வரும்போது மட்டும் போடுங்கள். தினமும் குட் மார்னிங் அனுப்பினால் பிளாக் செய்துவிடுவார்கள், நியாயம்தான்.

வெளிநாட்டுக்கு எட்ஸி, கைவினைப் பொருள்கள் விற்கிற இணையச் சந்தை. ஒரு பொருளைப் பட்டியலிட 0.20 டாலர், அது நான்கு மாதம் நிற்கும், விற்றால் 6.5 சதவீதம் கமிஷன், அனுப்பும் செலவாக வாங்குகிற தொகைக்கும் சேர்த்து. பணம் வருகிற வழிக்கு வேறு கட்டணம் பிடிப்பார்கள். அதனால் ஐந்து டாலர் கல்லைத் தனியாக விற்று ஒன்றும் மிஞ்சாது, சின்னக் கல்லைச் சேர்த்து ஒரு தொகுப்பாகப் போடுங்கள். தலைப்பில் 'அழகிய அதிசயக் கல்' என்று எழுதுவதில் பயனில்லை, வாங்குகிறவர் தேடுகிற சொல்லான கல் பெயர், வடிவம், மில்லிமீட்டர் அளவு, ஊர் எல்லாம் முதலில் வரட்டும். அங்கே தேடுகிறவர்களிலும் நகை செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் அதே உயரமும் அதே பின்பக்கமும் தெரிய வேண்டும்.

அமெரிக்காவுக்கு அனுப்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 800 டாலருக்குள் வரி இல்லை என்ற பழைய சலுகை 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது, அப்போது சில வாரங்களுக்கு இந்திய அஞ்சல் துறையே அங்கே பார்சல் எடுப்பதை நிறுத்தி வைத்து அக்டோபரில்தான் மறுபடி தொடங்கியது. வரி விகிதம் மாறிக்கொண்டே இருக்கிறது, அனுப்புகிற வாரத்தில் என்ன என்று பார்த்துவிட்டு, அதை யார் கட்டுவது என்று வாங்குகிறவரிடம் முன்பே பேசிவிடுங்கள். வாசலில் பார்சலோடு வரிச்சீட்டும் வந்து நின்றால் அவர் திருப்பி அனுப்பிவிடுவார். அமெரிக்காவை மட்டும் நம்பாமல் ஐரோப்பா, ஆஸ்திரேலியா, ஜப்பான் என்று பார்ப்பது இப்போதைக்கு நல்லது. அரிசோனாவின் டூசானில் ஜனவரிக் கடைசியில் தொடங்கி பிப்ரவரி நடுவரை ஊர் முழுக்க நடக்கிற கல் சந்தை உலகத்திலேயே பெரியவற்றில் ஒன்று, அங்கே கடை போடுவது நம்மால் ஆகிற செலவில்லை. ஆனால் அதற்கு முந்தைய மாதங்களில் அந்த ஊர் வியாபாரிகள் சரக்குச் சேர்ப்பார்கள், அப்போது அவர்களுக்கு எழுதிப் பார்க்கலாம்.

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். ஏற்றுமதிக்கு டிஜிஎஃப்டி என்கிற வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம் தருகிற ஐஇசி எண் (ஏற்றுமதி இறக்குமதி செய்பவருக்கான அடையாள எண்) வேண்டும், ஆன்லைனிலேயே 500 ரூபாயில் எடுக்கலாம், வருடா வருடம் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் புதுப்பித்துக் காட்ட வேண்டும். நிறக்கல்லின் எச்எஸ்என் எண் (சரக்கை வகைப்படுத்துகிற வரிக் குறியீடு) 7103. வெளிமாநிலத்துக்கு விற்பதாக இருந்தால் ஜிஎஸ்டி பதிவு பற்றி ஒரு ஆடிட்டரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள், உள்மாநில வரம்பும் வெளிமாநில விதியும் ஒன்றில்லை. 'கிஃப்ட்', 'சாம்பிள்' என்று பொய்யாக எழுதி அனுப்பச் சொல்கிற வாடிக்கையாளர் வேண்டவே வேண்டாம். பல கூரியர்களின் விதியில் ரத்தினக்கல் ஏற்பதே இல்லை, சொல்லாமல் அனுப்பித் தொலைந்தால் ஒரு ரூபாய் நஷ்டஈடு வராது, ஆகவே முன்னாலேயே கேட்டு, காப்பீடு உள்ள வழியாகப் பார்த்து அனுப்புங்கள்.

பெயரைச் சரியாகச் சொல்லுங்கள்

கல் உலகத்தில் பெயர் கெட்டுப்போக ஒரே ஒரு பொய் போதும். 'ரெயின்போ மூன்ஸ்டோன்' என்று விற்கப்படுவது உண்மையில் வெள்ளை லாப்ரடோரைட், அதை அந்தப் பெயரில் விற்பது வழக்கத்தில் இருந்தாலும் லாப்ரடோரைட் என்பதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள். ஓபலைட் என்பது கண்ணாடி. வைடூரியம் என்று வெறுமனே சொன்னால் கிரைசோபெரில் என்று அர்த்தம், உங்கள் கையில் இருப்பது குவார்ட்ஸ் என்றால் குவார்ட்ஸ் கண் என்று சொல்லுங்கள், இரண்டுக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பளிச்சென்ற நீல அகேட், ரோஸ் அகேட் எல்லாம் பெரும்பாலும் சாயம், ரஃப் வாங்கும்போதே விற்பவரிடம் கேளுங்கள், சந்தேகம் இருந்தால் அசிட்டோன் தோய்த்த பஞ்சால் ஒரு மூலையைத் துடைத்துப் பாருங்கள் (நிறம் வராவிட்டால் சாயம் இல்லை என்று அர்த்தமாகாது, வந்தால் நிச்சயம் சாயம்). உடைந்து விழும் கல்லைப் பிசின் ஏற்றி உறுதிப்படுத்தி இருந்தால் அதையும் சொல்லுங்கள், வெள்ளிக்காரர் பக்கத்தில் தீ வைத்து வேலை செய்கிறவர், பிசின் கருகினால் திட்டு உங்களுக்குத்தான்.

கடினத்தையும் சொல்லிவிடுவது நல்லது. மூன்ஸ்டோன் மோஸ் அளவில் 6 முதல் 6.5, அதோடு பிளவுத் தளங்கள் உள்ள கல், தினமும் போடுகிற மோதிரத்துக்குக் கொஞ்சம் பார்த்துப் பதிக்க வேண்டும், பதக்கத்துக்கும் தோட்டுக்கும் கவலையில்லை. குவார்ட்ஸ் 7, அகேட் 6.5 முதல் 7. லாபிஸும் டர்காய்ஸும் இதைவிட மெது. இதை விற்பவரே முன்வந்து சொன்னால் வாங்குகிறவர் அடுத்த முறையும் உங்களிடமே கேட்பார்.

ஆர்டர் வர ஆரம்பித்த பிறகு

சில மாதம் போனதும் "எனக்கு இந்த வடிவத்தில் ஒன்று வெட்டித் தர முடியுமா" என்று கேட்கிறவர்கள் வருவார்கள். இதுதான் நல்ல வியாபாரம், ஏனென்றால் விற்ற பிறகுதான் வெட்டுகிறீர்கள். வடிவத்தை வாயால் கேட்டுக்கொள்ளாதீர்கள், காகிதத்தில் உண்மை அளவில் வரைந்து அனுப்பச் சொல்லுங்கள், அல்லது செய்து வைத்த கட்டடத்தையே அனுப்பச் சொல்லுங்கள். பாதிப் பணம் முன்கூட்டியே வாங்குங்கள். ரஃப் உங்களுடையது என்றால் உடைந்தால் நஷ்டம் உங்களுடையது, வேறு கல்லில் செய்து கொடுங்கள். ரஃப் அவருடையது என்றால் அறுக்கும்போது வெடிப்பு திறந்துகொண்டால் யார் பொறுப்பு என்பதை வேலை தொடங்குவதற்கு முன்பே எழுத்தில் பேசிக்கொள்ள வேண்டும், பாட்டி கொடுத்த கல், அப்பா பர்மாவிலிருந்து கொண்டுவந்த கல் என்று கொடுப்பார்கள், அந்த மாதிரிக் கல்லை நான் எடுப்பதே இல்லை.

யார் என்ன வாங்கினார், என்ன அளவு, என்ன விலை, என்ன குறை சொன்னார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அவருக்குப் பிடிக்கிற மாதிரி கல் சக்கரத்திலிருந்து இறங்குகிற அன்றே, வேறெங்கும் போடுவதற்கு முன்னால், வீடியோ எடுத்து அவருக்கு மட்டும் அனுப்பி இரண்டு நாள் வைத்திருங்கள். அவர் வேண்டாம் என்றால் பொதுப் பக்கத்தில் போடுங்கள்.